ஹீட்டர் சொட்டுகிறதா? அடைத்துவிடாதீர்கள்!



இம்மாதம் உங்களோடு பேசப் போவது குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் வெந்நீர் ஹீட்டரைப் பற்றி. மவ்லவிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நடந்ததில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, அதனால்தான்.

என் மூத்த ராத்தா நுவரெலியாவில் இருக்கிறார். அந்த ஊர்க் குளிரில் ஸுபஹுக்கு வுழூச் செய்யப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதனால் 50 லீட்டர் ஹீட்டர் ஒன்று பூட்டியிருந்தார்கள். விடுமுறைக்குப் போயிருந்தபோது வெந்நீர்ப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் படாரென்று சீறி வந்தது. ஒரு நொடியில் அடங்கி மெல்ல ஓடியது. குனிந்து பார்த்தால், ஹீட்டருக்குக் கீழேயுள்ள சேஃப்டி வால்வின் வாயில் ஒரு மூடி இறுக்கப்பட்டிருந்தது.

"இதென்ன ராத்தா?"

"அதுவா தம்பி, நெடுகச் சொட்டிக்கொண்டே இருந்திச்சி. தண்ணிய வீண்விரயம் செய்யக் கூடாதெண்டு நீங்கதானே பயான்ல சொன்னீங்க. பைப் பாஸக் கூப்பிட்டு அடைச்சிட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. என்னிடம் ஓதிய ஒருவர் இப்போது குழாய் வேலை செய்கிறார். அவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "ஹஸரத், முதலில் சுவிட்சை அணையுங்கள்" என்றார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் சொன்னார்.

கேத்தலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்துப் பாருங்கள். கொதிக்கும் முன்பே வழியும். தண்ணீர் சூடானால் பருக்கும். 20 பாகைத் தண்ணீர் 70 பாகைக்குச் சூடாகும்போது 50 லீட்டரில் ஏறக்குறைய ஒரு லீட்டர் கூடுகிறது. கேத்தலில் அது வழிந்துவிடும். மூடிய ஹீட்டரில் அது எங்கே போவது? வந்த வழியே திரும்ப முடியாது. சேஃப்டி வால்வுக்குள்ளேயே தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் கதவு இருக்கிறது. உள்ளே அமுக்கம் ஏறுகிறது. இந்த வால்வுகள் பெரும்பாலும் 8 பார் அமுக்கத்தில் திறக்கும்படி செய்யப்பட்டவை. அப்போது விழுவதுதான் அந்தச் சொட்டு.

அதை அடைத்தால், அந்த அமுக்கம் பலவீனமான இடத்தைத் தேடும். ராத்தாவின் வீட்டில் ஹீட்டரின் வளையும் குழாய் ஏற்கனவே பொருத்தில் கசியத் தொடங்கியிருந்தது. அது சின்ன விஷயம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டாட்டும் அதற்கு மேலுள்ள காப்புச் சுவிட்சும் பழுதாகி நின்றால், தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளே அடைபட்டிருக்கும். தாங்கி வெடிக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1600 லீட்டர் இடம் பிடிக்கும். அந்தக் குளியலறையில் ஒரு பிள்ளை குளித்துக்கொண்டிருந்தால் என்னவாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

எந்தச் சொட்டு நல்லது, எந்தச் சொட்டு பழுது என்பதை வீட்டிலிருக்கும் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஹீட்டர் சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகும் சொட்டினால் இரண்டில் ஒன்று. வால்வில் மண்ணோ சுண்ணாம்போ சிக்கியிருக்கும். அல்லது உங்கள் ஹீட்டருக்குத் தண்ணீர் தாங்கியிலிருந்து வராமல் வீதிக் குழாயிலிருந்து நேரடியாக வருகிறது. இரவில் ஊரார் பைப்புகளை மூடியதும் அங்கே அமுக்கம் கூடும். முதலாவதற்குப் புது வால்வு. இரண்டாவதற்கு அமுக்கம் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். சொட்டும் குழாயின் வாய் எப்போதும் கீழ்நோக்கித் திறந்தே இருக்க வேண்டும். அதில் பைப்பும் பூட்டக் கூடாது.

வால்வில் சிறு நெம்பு இருந்தால் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தண்ணீர் வந்து, விட்டதும் நிற்க வேண்டும். சுடுநீர் வரும், கையைத் தள்ளி வையுங்கள். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புத் தண்ணீர் ஊர்களில் இதை மறக்கவே கூடாது.

சிலருக்கு இதற்கு எதிரான குறை: வெந்நீர் நூல்போல் வருகிறது. பச்சைத் தண்ணீரும் அப்படித்தான் வருகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் அப்படியென்றால் தாங்கியின் உயரம் போதாமல் இருக்கலாம். பத்து மீற்றர் உயரத்துக்கே ஒரு பார் அமுக்கம்தான் கிடைக்கும். வெந்நீர் மட்டும் என்றால் பாதி மூடிய வால்வு அல்லது உள்ளே படிந்த சுண்ணாம்பு காரணமாக இருக்கலாம். பம்ப் பூட்டுவதற்கு முன் ஹீட்டரின் தகட்டில் எத்தனை பார் என்று எழுதியிருக்கிறது எனப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது அந்த வாயை அடைத்திருந்தால், சூட்டோடு சூடாகக் கழற்றப் போகாதீர்கள். சுவிட்சை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ராத்தா இப்போது அந்தச் சொட்டுக்குக் கீழே ஒரு சிறிய வாளி வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீர் வாசலிலுள்ள ரோஜாச் செடிகளுக்குப் போகிறது.