முதுமைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம்

சரக்குப் போட்ட மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாமல் பணம் கொடுக்கிறோம். கடை வாடகை, வேலையாள் சம்பளம், வரி எல்லாவற்றுக்கும் பேரேட்டில் பக்கம் உண்டு. நாற்பது ஆண்டு கல்லாவில் உட்கார்ந்து உழைக்கும் வணிகரின் முதுமைக்கு ஒரு பக்கம் உண்டா?

ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்திலேயே சேமநிதி பிடிக்கிறார்கள். நமக்குப் பிடிப்பார் யாருமில்லை. "கடை இருக்கிறது, பிள்ளை இருக்கிறான்" என்று இருந்துவிட்டோம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். வாடகைக் கடையை விற்க முடியாது. மிஞ்சுவது சரக்கும் வெளிநிலுவையும்தான். நிலுவையில் எவ்வளவு வசூலாகும் என்பது நமக்கே தெரியும்.

"அந்தப் பணத்தைக் கடையில் புரட்டினால் கூடுதல் லாபம் வருமே" என்பார்கள். வரும். ஆனால் ஒரு கொள்முதல் தவறினால், ஒரு பெரிய பார்ட்டி கைவிரித்தால், முதலோடு முதுமையும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஒரு பங்கு கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

அதற்கு ஏற்றது 1968இல் வந்த பொது வருங்கால வைப்பு நிதி. தபால் நிலையத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டுக் கணக்கு. மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டியதில்லை. தீபாவளி, பொங்கல் வியாபாரத்தில் கூடுதலாகவும், மந்த காலத்தில் குறைவாகவும் கட்டலாம். மாதத்தின் 5ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வியாபாரக் கடனுக்காக நீதிமன்றம் இந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. கடை நொடித்தாலும் கஞ்சிக்கு வழி இருக்கும். மாத ஓய்வூதியம் வேண்டுவோருக்கு, 2009 மே முதல் தேசிய ஓய்வூதியத் திட்டமும் நமக்குத் திறந்திருக்கிறது.

சிறு வணிகருக்கென்று மத்திய அரசு 2019இல் தனித் திட்டம் கொண்டுவந்தது. நாம் மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்ட, அரசும் அதே அளவு போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். நல்ல எண்ணம்தான். ஆனால் 40 வயதைத் தாண்டியவர் சேர முடியாது. முதுமைக் கவலை வருவதே நாற்பதுக்குமேல்தானே! விலைவாசி ஏற, 3,000 மட்டும் அப்படியே நிற்பதும் நியாயமா? வயது வரம்பை உயர்த்தவும், தொகையை விலைவாசியோடு இணைக்கவும் நம் சங்கங்கள் ஒரே குரலில் கேட்க வேண்டும்.

கேட்டது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே பேரேட்டில் உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். மற்றக் கடன்காரர்களுக்குத் தவறாத நாம், நமக்கு நாமே கடன் வைக்கலாமா?