கூரை வந்தது, கரண்ட் எப்போது?



நமதூர் சார்ஜிங் ஸ்டேஷனுக்கு அடிக்கல் நாட்டிய அன்று எத்தனை பொன்னாடை, எத்தனை போட்டோ! இன்று அந்தக் கூரைக்குக் கீழே ஆடுகள் படுத்திருக்கின்றன. கேட்டால் "ட்ரான்ஸ்போமர் வரவில்லை" என்கிறார்கள். வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இயந்திரத்துக்கு வீட்டு லைன் போதாது என்பது கொங்கிரீட் போட முன்னரே தெரிந்த விடயம்தானே? மின் இணைப்புக்கு விண்ணப்பித்த திகதி எது? அதை மட்டும் சொல்லுங்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தோம். அந்தப் பயத்தில்தான் நம்மவர் சிலர் கடன்பட்டு மின்சார வாகனம் எடுத்தார்கள். வாடகைக்கு ஓடுபவர் இரவு முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டுக் காத்திருந்தால் தவணைப் பணத்தை யார் கட்டுவது?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறோம். தருவதா, மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். வருகிறவர்கள் லுஹருக்கு முன் பள்ளிவாசலடிக்கு வாருங்கள். பொன்னாடை தேவையில்லை.