ஆச்சிமார் கதை பேசினா உங்களுக்கு என்ன?

கொடைக்கு ஊருக்கு வாற நம்ம பிள்ளைகள், வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமாரைக் காருக்குள்ள இருந்தே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். 'நூறு நாள் வேலை, அரசாங்கக் காசில் ஊர்க்கதை' என்று கீழே நக்கல் வேற. ஆபீஸில் நீங்க டீ குடிக்கப் போற நேரத்துக்கு எவனாவது சம்பளத்தைப் பிடிக்கானா?

2005-ல் வந்த சட்டத்தில் தொடங்கின வேலை இது. 18 வயசு முடிஞ்ச யாரும் போகலாம், இத்தனை வயசோட நிறுத்தணும்னு கிடையாது. எழுபது வயசு ஆச்சியை நடவுக்கு எந்தச் சம்சாரியும் கூப்பிட மாட்டான், நானும்தான். பிசானத்துக்கு ஆள் கிடைக்காம அலையிறது நெசம். அதுக்காக இவளைப் பிடிச்சு வயல்ல இறக்கினா என் நடவு முடிஞ்சிருமா?

விடியுமுன்னே எந்திரிச்சு, தூக்குவாளியில் பழைய சோறு எடுத்துக்கிட்டு, பக்கத்து வீட்டு மதினியையும் கூட்டிக்கிட்டுப் போறா. போன உடனே செல்போனில் ஒரு போட்டோ, மதியம் இன்னொண்ணு, அதுதான் வருகைப் பதிவு. நடுவில் மண் வெட்டணும், சுமக்கணும். ஒருத்தி வரலைன்னா சாயங்காலம் அவ வீட்டு நடையில் நாலு பேர் நிப்பாங்க: "ஏட்டி, ஏன் வரல? காய்ச்சலா?" மாசம் 1,200 ரூபாய் முதியோர் பென்சன் வீட்டுக்கு வரும், இந்த விசாரிப்பு வராது.

எங்க தெரு ஆச்சி ஒருத்தியை மகன் மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனான். நல்ல பையன்தான். "நீ சும்மா இரும்மா"ன்னு அரிவாள்மனையைக்கூடத் தொட விடல. நாலாம் மாடி, டிவி, பூட்டின கதவு. ஆறு மாசத்தில் பேச்சே குறைஞ்சுபோச்சு. மறதி நோய்க்கு நாம தடுக்கக்கூடிய காரணங்கள்னு 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு 14 சொல்லுச்சு. அதில் ஆள் சேர்க்கை இல்லாம இருக்கிறதும் உண்டு, உடம்பை அசைக்காம இருக்கிறதும் உண்டு. இந்த ரெண்டையும் பாசம்னு நெனச்சுத்தான் நீங்க அம்மாவுக்குக் கொடுக்கீங்க. பெறகு நீங்களே காசு கட்டி யோகா கிளாஸ்ல சேக்குறீங்க.

அவ வேலை மெதுவாத்தான் நடக்கும். இருக்கட்டுமே! வாய்க்காலில் அமலைச்செடி போயிருக்கு, கடைமடைக்குத் தண்ணி வருது.

2024 நவம்பர் கடைசியிலிருந்து பல மாசம் தமிழ்நாடு முழுக்க இந்தக் கூலி வராம நின்னுச்சு. அப்பவும் இவங்க வேலைக்குப் போனாங்க. அதைப் பத்தி உங்க வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரலியே, ஏன்?