சிலிண்டருக்குள் இருப்பது காற்று

இந்த வாரமும் அந்தச் சொல் அச்சில் வந்துவிட்டது. கடலட்டைத் தொழில் பற்றிய ஒரு செய்தி. சுழியோடிகள் முதுகில் "ஒட்சிசன் சிலிண்டர்" கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்களாம். இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்தக் கோபம் புதிதல்ல. அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது ஒட்சிசன் அல்ல, காற்று என்று இதே இடத்தில் முன்னரும் எழுதப்பட்டிருக்கிறது. இம்முறை அந்தச் செய்தி கண்ணில் பட்ட அதே காலையில், பத்தியாளரின் வீட்டு விறாந்தையில் ஒரு சுழியோடியின் பை திறந்து கிடந்தது. ஆகவே விடயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பை பத்தியாளரின் மருமகனுடையது. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பத்து நாள் நின்றுவிட்டு, கொழும்பு வழியாக மாலைதீவுக்குப் போகிறான். அங்கே ஒரு வாரம் படகிலேயே உண்டு, படகிலேயே உறங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை கடலுக்கு அடியில் இறங்கும் பயணம். "லிவ்அபோர்ட்" என்றான். நண்டு கொண்டுவந்திருந்த குருநகர்ப் பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப பலநாள் படகு எண்டு சொல்லும், தம்பி" என்றார். கடலோடிகளின் ஊரில் இந்தப் பயணத்துக்குப் பெயர் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

அவன் ஆயத்தம் செய்யும் விதம் மனதுக்கு நிறைவாக இருந்தது. முகக்கண்ணாடியின் உள்பக்கத்தைப் பற்பசையால் தேய்த்து, புகார் பிடிக்காதபடி கழுவி வைத்தான். காற்றுச் சீராக்கியைப் பழுதுபார்த்த பற்றுச்சீட்டு, பயிற்சிச் சான்றிதழ், இதுவரை இறங்கிய ஒவ்வொரு தடவையும் எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்று குறித்த கொப்பி, வைத்தியர் ஒப்பமிட்ட படிவம், விபத்துக் காப்புறுதி எல்லாம் ஓர் உறையில். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் ஊதி மேலே அனுப்புவதற்கு நீளமான செம்மஞ்சள் மிதவை ஒன்று. கையில் கட்டும் சிறு கணினி. அதுதான் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, இனி மேலே வா என்று சொல்லும். மாலைதீவில் உல்லாசச் சுழியோடிகள் 30 மீற்றருக்குக் கீழே போகச் சட்டம் இடம் தராது. கடைசித் தடவை இறங்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையில் 18 மணித்தியாலமாவது இருக்கும்படி பயணச்சீட்டும் எடுத்திருந்தான்.

பெரியவர் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இளவயதில் மூச்சை அடக்கிச் சங்கு குளித்தவர் அவர். அவருடைய தங்கையின் மகன் இப்போது சிலிண்டர் கட்டி அட்டை பிடிக்கிறான். கணினியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி மெல்ல மெல்ல மேல வரவேணும்? நாங்கள் மூச்சு முட்டினா உதைச்சுக்கொண்டு ஒரே வீச்சில மேல வந்திடுவம்."

மாலைதீவுப் பயணத்தை இந்த இடத்தில் விட்டுவிடலாம். வடபகுதிக் கடற்கரையில் எழக்கூடிய மிக முக்கியமான கேள்விகளில் ஒன்றை அந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

அதற்கு விடை தேடப் போனால், நம் பழைய குளிப்பு மரபை எழுதிவைத்த ஜேம்ஸ் ஹோர்னலிடம்தான் முதலில் போக வேண்டும். அவருடைய பெயரை இங்கே அடிக்கடி காண்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மனுக்கு உதவியாளராக மன்னார் முத்துச் சிப்பிப் பார்களை ஆராய வந்தவர் ஹோர்னல். பின்னர் சென்னை மாகாணத்து மீன்வளத் துறைக்குப் போய், 1914இல் இந்தியச் சங்கு பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். ஒரு நத்தை இனத்தைப் பற்றிய நூலுக்குள் எத்தனை மனிதர்கள்! நம் கடலில் குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குக் கப்பலேறி, டாக்காவின் சங்காரி பசாரில் அரத்தால் அறுபட்டு, மணமான பெண்களின் கைவளையாகும் கதை அதில் இருக்கிறது. கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகளை மண்ணிலிருந்து பொறுக்கி, இந்தக் கைத்தொழில் பழைய பாண்டிநாட்டிலேயே நடந்தது என்று அவர் காட்டும் பக்கங்கள் எத்தனை தடவை வாசித்தாலும் அலுக்காதவை.

முத்துக் குளிப்பு பற்றி ஹேர்ட்மனும் ஹோர்னலும் விட்டுச்சென்ற அறிக்கைகள் ஐந்து தொகுதி. சிப்பி விளையும் அடித்தளத்தைக் குறிக்கும் "பார்" என்ற தமிழ்ச் சொல்லை அந்த ஆங்கில அறிக்கைகள் அப்படியே எடுத்தாண்டன. 1905ஆம் ஆண்டுச் சலாபம், அதாவது முத்துக் குளிப்பு, மிகப் பெரியது. மறிச்சுக்கட்டியில் ஒரு தற்காலிக நகரமே எழுந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட படகுகள், ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளர், எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. குளியாளர் காலில் கல்லைக் கொளுவி இறங்குவார், மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே நிற்கும் நேரம் ஒரு நிமிடம், சிலருக்குச் சற்றுக் கூட. கயிறு அசைந்ததும் இழுத்தெடுத்துவிட வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் சொல்லும் கடற்கட்டி இல்லாமல் குளியாளர் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள் என்று எமர்சன் தெனன்ற் 1859இலேயே எழுதியிருக்கிறார். அக்காலத்து மனிதர்கள் தமக்குத் தெரிந்த ஆபத்துக்குத் தம்மால் இயன்ற ஆயத்தத்தைச் செய்தார்கள்.

இந்த நெடிய மரபு கற்றுத்தந்த முதற் பாடம், விரைந்து மேலே வா என்பது. மூச்சை அடக்கி இறங்குபவருக்கு அது உயிர்காக்கும் பாடம். அவர் மேற்பரப்பில் இழுத்த ஒரே ஒரு மூச்சைத்தான் கீழே கொண்டுபோகிறார். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கும், மேலே வந்ததும் பழைய அளவுக்கு விரியும், அதற்கு மேல் விரியாது. பசிபிக்கின் துவாமோத்து தீவுகளில் நாள் முழுதும் ஓய்வில்லாமல் ஆழத்துக்கு இறங்கிய முத்துக் குளியாளருக்கு "தரவானா" என்ற நோய் வந்ததுண்டு. அத்தனை கடுமையாகக் குளிக்காதவரை, வேகமாக மேலே வருவதால் கேடில்லை.

சிலிண்டர் கட்டியவுடன் அந்தப் பாடம் தலைகீழாகிவிடுகிறது. 1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய கருவி, சுழியோடி எந்த ஆழத்தில் நிற்கிறாரோ அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கிறது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றரில் அது மேற்பரப்பைப் போல் நான்கு மடங்கு. 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு இரண்டு மணித்தியாலம் போதும். 30 மீற்றரில் அரை மணித்தியாலத்தில் தீரும். அந்த ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு "உதைச்சுக்கொண்டு" மேலே வந்தால், அது நான்கு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் மறைவானது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். அழுத்தம் கூடக்கூட அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரையும். மெல்ல ஏறினால் கரைந்தபடியே நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், மூடியைத் திறந்த சோடாப் போத்தலில் போல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். குமிழி மூட்டில் நின்றால் தாங்க முடியாத குத்து, முள்ளந்தண்டில் நின்றால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் இட அழுத்தக் காற்றறைக்குள் இறங்கிய தொழிலாளர் இப்படித்தான் முடமானார்கள். 1872இல் தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் ரோப்ளிங்கும் அதே நோயில் விழுந்தார். நைதரசனே காரணம் என்று 1878இல் போல் பேர் காட்டினார். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்த ஜோன் ஹோல்டேன், படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். மருமகனின் கையில் கட்டிய கணினி அந்த அட்டவணையின் பேரப்பிள்ளை. பரவலாக வழங்கும் ஓர் அட்டவணையின்படி, 18 மீற்றரில் 56 நிமிடமும் 30 மீற்றரில் 20 நிமிடமும் நிற்கலாம். அதுவும் நாளின் முதற் தடவைக்கு மட்டும். அடுத்தடுத்த தடவைகளுக்கு நேரம் குறுகிக்கொண்டே போகும்.

"ஒட்சிசன் சிலிண்டர்" என்ற சொல்லின் மேல் இவ்வளவு கோபம் ஏன் என்பது இப்போது விளங்கும். ஒட்சிசன் என்றால் உயிர்வாயு, வைத்தியசாலையில் நோயாளிக்குக் கொடுப்பது என்று நம் சனங்களுக்குத் தெரியும். உயிர்வாயுவைச் சுவாசிப்பவருக்கு என்ன கேடு வரும் என்ற நினைப்பை அந்தச் சொல் விதைக்கிறது. நைதரசனைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. உண்மையில் தூய ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வந்து தண்ணீருக்குள்ளேயே இறக்க நேரலாம். மருமகன் பாவிக்கும் "நைட்ரொக்ஸ்" கலவையில்கூட ஒட்சிசன் 32 வீதம்தான், மீதி நைதரசன்.

வடக்கிலே கடலட்டையை நாம் உண்பதில்லை. குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோல் சுரண்டி, மறுபடி அவித்து, வெயிலில் உலர்த்தி, சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் சீனாவுக்கும் அனுப்புகிறோம். கரையோர ஆழமற்ற கடலில் அட்டை குறைந்ததும் ஆட்கள் மேலும் ஆழத்துக்குப் போனார்கள். ஆழத்துக்குப் போக சிலிண்டர் வந்தது. 2018இல் வடமராட்சி கிழக்கில் வெளிமாவட்டச் சுழியோடிகளுக்கு எதிராக உள்ளூர்த் தொழிலாளர் போராடியபோது, கடல் யாருடையது, வளம் யாருக்கு என்ற கேள்விகள் உரத்துப் பேசப்பட்டன. அவை நியாயமான கேள்விகள். இறங்குபவரின் முள்ளந்தண்டு பற்றியும் அதே உரத்த குரலில் பேசியிருக்க வேண்டும். ஹொண்டூராஸின் மிஸ்கித்துக் கரையில் சிங்கிறால் பிடிக்கச் சிலிண்டர் கட்டி இறங்கிய ஏழைத் தொழிலாளர் பலர் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள். அங்கும் பழைய கடல் அறிவுக்குக் குறைவில்லை. புதுக் கருவி வந்தது, அதற்குரிய கல்வி உடன் வரவில்லை.

தங்கையின் மகன் நாளுக்கு எத்தனை சிலிண்டர் முடிப்பான் என்று கேட்டபோது, "மூண்டு, நாலு. சில நாள் அதுக்கும் மேல" என்றார் பெரியவர். மணிக்கூடு கட்டுவானா? "கரைக்கு வந்தாத்தான் நேரம் பாப்பினம்." போன சோழகத்துக்கு முன் ஒருமுறை கால் விறைத்து, இரண்டு நாள் நடக்கவில்லையாம். வாடியில் எண்ணெய் தடவிப் படுக்க வைத்தார்களாம். மருமகன் அதைக் கேட்டுப் பையை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். அவன் ஏறப்போகும் படகின் மேல்தளத்தில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கும், அதற்குள் ஒட்சிசன் இருக்கும் என்று பிறகு சொன்னான். குமிழி கட்டியவருக்கு முதலுதவி அதுதான். உண்மையான ஒட்சிசன் சிலிண்டர் மேலே படகில் இருக்க வேண்டியது. நம் அட்டைப் படகில் இல்லாததும் அதுவே.

அழுத்த அறை சிகிச்சை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வீதி வழியே நான்கைந்து மணித்தியாலப் பயணம். அத்தனை தூரம் போக வேண்டிய நிலை வராமல் தடுப்பது மலிவான காரியம். அட்டைக்கும் சங்குக்கும் இறங்க அனுமதிப்பத்திரம் வழங்குவது கடற்றொழில் திணைக்களம். அந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாளில் அரைநாள் வகுப்பு, தமிழில், கட்டாயமாக நடத்தலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, கடற்றொழில் கற்பிக்கும் துறையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த வகுப்புக்கு ஆசிரியர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிலிண்டர் இறக்கும் ஒவ்வொரு துறையிலும் ஓர் ஒட்சிசன் பெட்டி வைப்பது சங்கங்களால் இயலாத செலவல்ல.

அதுவரைக்கும், இந்தப் பந்தியை வெட்டியெடுத்து, அட்டை வாடியில் உள்ள உங்கள் உறவினர் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். சிலிண்டருக்குள் இருப்பது காற்று. மேலே வரும்போது மூச்சை அடக்க வேண்டாம், விட்டுக்கொண்டே வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏற வேண்டாம். மேற்பரப்புக்கு 5 மீற்றர் கீழே 3 நிமிடம் நில்லுங்கள். ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் நன்றாக ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள். மேலே வந்தபின் மூட்டில் குத்து, விறைப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போகாமை எது வந்தாலும் எண்ணெய் தடவி நேரத்தைக் கடத்த வேண்டாம், சரியாகிவிடும் என்று மறுபடி கடலுக்குள் இறக்கவும் வேண்டாம். மட்டமாகப் படுக்க வைத்து, 1990 அம்புலன்ஸை அழைத்து, "இவர் சிலிண்டர் கட்டிச் சுழியோடியவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.