கடைக்கும் ஒரு பட்ஜெட் வேண்டும். அதைப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்

பிப்ரவரி முதல் தேதி வந்துவிட்டால் நம் கடைவீதியில் பேச்செல்லாம் பட்ஜெட்தான். எதற்கு வரி ஏறியது, எதற்கு இறங்கியது என்று தொலைக்காட்சிப் பெட்டி முன் நின்று கணக்குப் பார்க்கிறோம். பற்றாக்குறை இவ்வளவா என்று அரசைக் குறை சொல்கிறோம். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் அன்றிரவு கல்லாவை எண்ணி மூடும்போது, "இந்த மாதம் நம் கடையின் செலவு இவ்வளவுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்திருந்தீர்களே, நின்றதா?" என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்?

பட்ஜெட் என்ற சொல், சிறு தோல் பையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பைக்கு அது உறவுதான். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவரும் நம் கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்தான். ஆகவே இது நமக்கு அந்நியமான வித்தை அல்ல. நாம் கற்றுக்கொள்ளாமல் விட்ட வித்தை, அவ்வளவே.

கணக்கு எழுதுவதும் பட்ஜெட் போடுவதும் ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒன்றல்ல. சிட்டையும் பேரேடும் நடந்து முடிந்ததைச் சொல்கின்றன. தணிக்கையாளர் ஆண்டுக் கணக்கை முடித்து நம் கையில் தரும்போது அந்த ஆண்டு போய்ச் சில மாதங்கள் ஆகியிருக்கும். பட்ஜெட் என்பது நடக்கப் போவதற்கு முன்கூட்டியே வரம்பு கட்டுவது. பிறகு மாதந்தோறும் அந்த வரம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம்.

நம் மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாத விற்பனை 6 லட்சம் ரூபாய். அரிசி, சர்க்கரை, எண்ணெயில் கிடைப்பது குறைவு, மற்றவற்றில் சற்றுக் கூடுதல். சராசரியாக நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் மொத்த லாபம் 60,000. கடை வாடகை 12,000, இரண்டு ஆட்கள் சம்பளம் 24,000, மின்சாரம் 4,000, வட்டி 5,000, வண்டிக் கூலி, கவர், சில்லறைச் செலவு 3,000. ஆகச் செலவு 48,000. மிச்சம் 12,000. ஆனால் வீட்டுக்கு என்று கல்லாவிலிருந்து மாதம் 20,000 எடுக்கிறோம். அதுவும் ஒரே தொகையாக அல்ல. இன்று பள்ளிக் கட்டணத்துக்கு ஐந்நூறு, நாளை மொய்க்கு ஆயிரம் என்று எடுக்கிறோம், சிட்டையிலும் எழுதுவதில்லை.

மாதம் 8,000 குறைகிறது. ஆண்டுக்கு 96,000. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து வருகிறது! கடையில் கூட்டம் இருக்கிறது, கல்லாவில் தினமும் பணம் புரள்கிறது. அதனால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் பாக்கி ஒரு வாரம் தள்ளும், பிறகு ஒரு மாதம் தள்ளும். அப்புறம் அந்தக் கடைக்குப் போக வெட்கப்பட்டு, வேறு மொத்தக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவோம். அலமாரியில் இடைவெளி விழும். கேட்ட சாமான் இல்லையென்றால் வாடிக்கையாளர் இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். நல்ல விற்பனை இருந்தும் மூடிய கடைகளை நம் வீதியிலேயே பார்த்திருக்கிறோம். "பெரிய கடை வந்து கெடுத்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டோம். சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் கெடுத்தது நம் கல்லாப் பெட்டிதான்.

சில்லறைக் கடை மூடினால் மொத்த வியாபாரியின் பாக்கி வாராக் கடன் ஆகிறது. எனவே இது சில்லறைக்காரர் பிரச்சினை மட்டும் என்று மொத்த வியாபாரிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன், எத்தனை நாள் என்று வரம்பு கட்டுவதும் பட்ஜெட்டில் ஒரு பகுதியே.

கொள்முதலுக்கு ஒரு கட்டுப்பாடு

நம் பணம் அதிகமாக மாட்டிக்கொள்வது சரக்கில். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று கம்பெனிக்காரர் சொன்னால் மறுக்க மனம் வருவதில்லை. மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது மிளகாயும் வரும்போது கையிலுள்ளதைப் போட்டுவிட்டு, சித்திரையில் சர்க்கரை வாங்கக் கடன் தேடுகிறோம்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இந்த மாதம் விற்கப்போகும் சரக்கின் அடக்க விலையோடு, மாதக் கடைசியில் கையில் இருக்க வேண்டிய சரக்கைக் கூட்டுங்கள். இப்போது கையில் இருப்பதைக் கழியுங்கள். வருவதுதான் இந்த மாதக் கொள்முதல் வரம்பு. மேலே சொன்ன கடையில் அடக்கம் 5,40,000. மாதக் கடைசியில் 3,50,000 ரூபாய்ச் சரக்கு போதும். இப்போது இருப்பது 4,00,000. ஆக 4,90,000-க்கு மேல் வாங்கக் கூடாது. இலவசப் பெட்டியும் புதுப் புளியும் இந்த வரம்புக்குள் வரட்டும். புளி, மிளகாய் ஆண்டுச் சரக்கு எடுப்பவர்கள் அந்த மாதத்துக்கு வரம்பை உயர்த்தி, எந்த மாதங்களில் குறைத்து ஈடுகட்டுவது என்று முன்பே எழுதிவைக்க வேண்டும்.

மாதாமாதம் வராத செலவுகளையும் மறந்துவிடக் கூடாது. மின்னணுத் தராசுக்கு ஆண்டு முத்திரை, அரையாண்டுத் தொழில்வரி, தீபாவளி போனஸ் ஆகியவற்றைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் ஒதுக்கினால் ஐப்பசியில் கைமாற்று கேட்டு அலைய வேண்டாம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். வசூலித்த வரி கல்லாவில் கிடக்கும்போது நம் பணம் போலத் தெரியும். அது நம் பணம் அல்ல.

"விலை நாளுக்கு நாள் மாறும் வியாபாரத்தில் பட்ஜெட் எப்படி நிற்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. கச்சா எண்ணெய்க்கு மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. நவராத்திரியும் தீபாவளியும் நெருங்கும் நேரம். அப்போது ரூபாயில் மட்டும் வரம்பு வைத்திருந்தவர், கொள்முதல் மீறியதைக் கண்டு திகைத்திருப்பார். எத்தனை டின் என்றும் எழுதிவைத்தவர், டின் அதே எண்ணிக்கைதான், விலைதான் ஏறியது என்று உடனே கண்டு, விற்பனை விலையைத் திருத்தியிருப்பார். மீறியது அளவா, விலையா என்று பிரித்துப் பார்ப்பதுதான் கட்டுப்பாடு. அரசே ஆண்டு நடுவில் திருத்திய மதிப்பீடு போடுகிறது, நாமும் போடலாம்.

பெரு நிறுவனக் கடைகளில் ஒவ்வொரு கிளை நிர்வாகியும் இதைச் செய்யப் பயிற்சி பெறுகிறார். மாத இலக்கு தவறினால் மேலிடத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். நம்மைக் கேட்க மேலிடம் இல்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

பொன்னாடை, மாலை, மதிய விருந்து என்று ஒருநாள் கூட்டம் போட்டுக் கலைவது பயிற்சி ஆகாது. வியாபாரம் மந்தமாக இருக்கும் பிற்பகல் இரண்டு மணி நேரம், மாதம் ஒரு நாள், நான்கு மாதம் நடத்தினால் போதும். ஒவ்வொருவரும் தம் சொந்தச் சிட்டையைக் கொண்டுவர வேண்டும். தொகையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியோ செலவுக் கணக்காளரோ பாடம் நடத்தலாம். கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்திடமும் சங்கம் ஆலோசனை கேட்கலாம். கல்லாவில் உட்காரும் நம் வீட்டுப் பெண்களும், கடைக்கு வரப்போகும் பிள்ளைகளும் கட்டாயம் வரவேண்டும். சிறு கட்டணமும் வாங்க வேண்டும். சும்மா கிடைத்தது சும்மாவே போகும்.

"கணினியில் பில் போடுகிறோமே, போதாதா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ன விற்றது என்று கணினி சொல்லும். எவ்வளவு வாங்கலாம், வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை நாம்தான் முடிவு செய்து எழுத வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் நம் சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஓர் ஆண்டு மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன், பந்தல், சாப்பாடு என்று ஆளுக்கொரு பக்கம் செலவு செய்தோம். வரம்பு யாரும் வைக்கவில்லை. குறைந்த பணத்தைக் கட்டட நிதியிலிருந்து எடுத்து ஈடுகட்டினோம். தணிக்கையின்போதுதான் முழுத் தொகையும் நமக்கே தெரிந்தது. யாரும் ஒரு பைசா தவறாக எடுக்கவில்லை. ஆனாலும் கட்டட வேலை அந்த ஆண்டு நின்றுபோயிற்று. அது உறுப்பினர்கள் கொடுத்த பணம். எனவே முதல் பட்ஜெட்டைச் சங்கமே போட்டு, பொதுக்குழுவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திட்டம், நடப்பு, வித்தியாசம் என்று மூன்று பத்திகளாக இந்த இதழிலேயே வெளியிட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

சித்திரையில் புதுக்கணக்கு போடும்போது பேரேட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பிள்ளையார் சுழி போடுகிறோம். இனி அதன் பக்கத்தில் இன்னொரு நோட்டும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுப்போம் என்ற ஒரு தொகையை மட்டும் எழுதுங்கள். மற்றதைப் பயிற்சியில் சேர்ந்து கற்போம்.