எடிட் டேபிளில் பளிச்... அத்தை போனில் இருட்டு!

கல்யாண வீடியோ கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் குரல், "என்னப்பா, ஒரே இருட்டா இருக்கு?" என்பதுதான். கேமராமேனுக்குத் திட்டு விழும். மண்டபத்து லைட்டுக்கும் விழும். பல நேரம் தப்பு எடிட்டரின் மானிட்டரில் இருக்கிறது.

திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' கணக்கில் சொல்வார்கள். இன்றைய சாதாரண மானிட்டரே 250 முதல் 350 நிட்ஸ் வரை போகும். ஆனால், ஹெச்.டி.ஆர் இல்லாத வழக்கமான வீடியோவுக்கு ஸ்டூடியோக்களில் வைத்துக்கொள்ளும் அளவு சுமார் 100 நிட்ஸ்தான். மூன்று மடங்கு பளிச்சிடும் திரையில் முகூர்த்தக் காட்சி வெளுத்த மாதிரி தெரியும். எடிட்டர் வெளிச்சத்தைக் குறைப்பார். அதே வீடியோ, பாதி பிரைட்னஸில் கிடக்கும் அத்தையின் போனுக்குப் போனால், ஹோமப் புகைக்கு நடுவே மாப்பிள்ளை முகம் மங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் அப்பா கண் கலங்கியதும் தெரியாது. ஒன் மோர் கேட்க முடியாத காட்சி அது!

பெரிய பட்ஜெட்காரர்களும் இந்தப் புகாரிலிருந்து தப்பவில்லை. 2019 ஏப்ரல் 28-ல் வெளியான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 'தி லாங் நைட்' எபிசோடு முழுக்க இரவுப் போர். ஒன்றுமே தெரியவில்லை என்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். பலருக்கு டிவியைச் சரியாக செட் செய்யத் தெரியவில்லை என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால், கல்யாண வீடியோ எடிட்டர் அத்தையிடம் அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த ஆர்டர் வாங்க முடியாது.

முதல் வேலை, ஆட்டோ பிரைட்னஸ், நைட் லைட் இரண்டையும் அணைப்பது. இவை ஆன் ஆகியிருந்தால் மற்ற எந்த செட்டிங்கும் நிற்காது. மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சரிபார்ப்பது நல்லது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். ஆபீஸ் அளவு வெளிச்சம் உள்ள அறையில், தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறக்க வேண்டும். திரை டியூப்லைட் மாதிரி எரிந்தால், தாளைப் போலத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைக்கலாம். தோராயக் கணக்குதான். அதற்குப் பிறகு அந்த நம்பரைத் தொடவே கூடாது. வேலை செய்யும்போது அறை விளக்கைக் குறைத்து, மானிட்டருக்குப் பின்னால் மட்டும் மெல்லிய வெள்ளை விளக்கு வைத்தால் கண் சோராது. ஜன்னல் வெயில் திரையில் விழவே கூடாது. பகலில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி எடிட் ஆவது அதனால்தான்.

இதைவிட நம்பகமானது 'ஸ்கோப்'. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. திரை எப்படி இருந்தாலும், வீடியோவுக்குள் பதிவான வெளிச்சத்தை அது கிராஃபாகக் காட்டிவிடும். முகங்கள் கிராஃபின் அடியில் ஒட்டிக் கிடந்தால், மானிட்டரில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் வீடியோ இருட்டுதான்.

கலர் மீட்டர் வாங்கலாமா? மாதம் முழுக்க எடிட்டிங்தான் தொழில் என்றால் வாங்கலாம். சீசனுக்கு நாலு கல்யாணம் என்றால், பென் டிரைவ் கொடுப்பதற்கு முன் ஒரு பழைய போனிலும் வீட்டு டிவியிலும் முகூர்த்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தாலே பாதித் தப்பு பிடிபட்டுவிடும்.