காவல் நிலையமும் நமது கல்லாப் பெட்டியும்

சென்ற செயற்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ரோந்து வருகிற போலீசாருக்கு மாதம் இவ்வளவு என்று சங்கமே வசூலித்துக் கொடுத்துவிட்டால், கடை கடையாகத் தொல்லை இருக்காதே" என்று யோசனை சொன்னார். சிலர் கை தட்டவும் செய்தார்கள். தலைவர் சிரித்தபடியே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். நமக்கு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த யோசனை ஏன் கூடாது என்பதை நமது இதழிலேயே எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம். சிலருக்கு மனவருத்தம் வரலாம். வந்தாலும் பாதகமில்லை.

சாத்தான்குளத்தை வியாபாரிகளாகிய நாம் மறந்திருக்க முடியாது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்பவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். தகப்பனாரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். அவருடையது செல்போன் கடை. மறுநாள் இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23 விடியற்காலையில் தகப்பனாரும் இறந்தார். கடை திறந்த நேரம் பற்றிய தகராறு அது. உண்மையே என்று வைத்துக்கொண்டாலும் சிறு தண்டனைக்கு மேல் போகக்கூடிய குற்றமே அல்ல.

அந்த வாரம் நாமும் கடையடைத்தோம், கறுப்புக் கொடி கட்டினோம். பிறகு கதவைத் திறந்து வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டோம். ஆனால் அந்த வழக்கில் வெளிவந்த விவரங்களை எத்தனை பேர் ஊன்றிப் படித்தோம்? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கே அந்த ஸ்டேஷனில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் வருவாய்த் துறை அதிகாரிகளை வைத்து அந்த ஸ்டேஷனைக் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. கேமரா இருந்தது, பதிவு செய்ய இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய படம் தானாகவே அழிந்துவிடும்படி வைத்திருந்ததாக நடுவர் தமது அறிக்கையில் எழுதினார். நமது கடையில் கணக்குப்பிள்ளை அன்றாடம் பேரேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "வரவு செலவு எல்லாம் சரிதான் முதலாளி" என்றால் நாம் விடுவோமா?

அதே ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தாம் கண்டதைக் கண்டபடி நடுவரிடம் சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் வெளியே நிற்கும்போது அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகுதான் வழக்குக்கு உயிர் வந்தது. சி.பி.ஐ. 2020 செப்டம்பரில் ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. போலீசில் நேர்மை என்று நாம் பேசினால், முதலில் அந்த அம்மையாரைத்தான் நினைக்கிறோம்.

சட்டத்தில் குறை இல்லை. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளை வகுத்தது. கைது செய்கிறவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அந்தத் தெருவில் உள்ள மரியாதைப்பட்டவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். தெருவில் உள்ள மரியாதைப்பட்டவர் என்றால் யார்? கடைத்தெருவில் அது நாம்தான். பக்கத்துக் கடைக்காரரை ஜீப்பில் ஏற்றும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நிற்கிறோமே, அந்த நேரத்தில் வெளியே வந்து, "ஐயா, கைதுக் குறிப்பு எங்கே, நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம்" என்று நான்கு பேர் கேட்டால் அது சட்டப்படி சரியான கேள்வி.

2020 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப் உட்பட, கேமரா வேண்டும், குறைந்தது ஓராண்டுப் பதிவு இருக்க வேண்டும் என்றது. போலீசார் மீது வரும் புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று 2006-லேயே பிரகாஷ் சிங் வழக்கில் சொல்லியாகிவிட்டது. நமது மாநிலம் 2013-ல் இயற்றிய சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்டத்துக்குக் கலெக்டரையும் தலைவராக வைத்தார்கள். கடைக் கணக்கைக் கடைக்காரரின் மைத்துனரே தணிக்கை செய்வது போன்ற ஏற்பாடு இது என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவும் போலீசாரைப் பற்றி. இனி நம்மைப் பற்றி.

1994-ல் ஒரு சில்லறைக் கடைக்காரர் நமக்கு 38,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தார். துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி எடுத்த வகையில் சேர்ந்த பாக்கி. ஆறு மாதம் ஆள் அனுப்பியும் வரவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு இன்ஸ்பெக்டரிடம் சொன்னோம். புகார் எழுதிக் கொடுக்கவில்லை, சும்மா காதில் போட்டோம். மறுநாள் காலை அந்த மனிதரைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாலை வரை உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை, அதட்டியதோடு சரி. மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த அவருடைய மகன், பள்ளிக்கூடச் சீருடையோடு, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரவு எட்டு மணிக்கு 30,000 ரூபாய் நமது கல்லாவில் விழுந்தது. வீட்டம்மாளின் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. "என்ன அண்ணாச்சி, வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா இதே வளையலக் கழட்டிக் கொடுத்திருப்பேனே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதன் பின் நம்மிடம் சரக்கு எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அன்று ஒரு பைசா வாங்கவில்லை. அடுத்த மாதம் முதல் அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி போயிற்று. அவர் மாறுதலாகிப் போன பிறகு அடுத்து வந்தவருக்கும் போயிற்று. முதலாமவருக்குக் கொடுத்தவர் நமக்கு மட்டும் மறுக்கிறாரே என்று இரண்டாமவர் கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அரிசியைப் பணமாகக் கேட்டபோதுதான் நிறுத்தினோம். மனச்சாட்சி உறுத்தி நிறுத்தினோம் என்று எழுத ஆசைதான். ஆனால் தொகை கட்டுப்படியாகவில்லை என்பதே உண்மை.

கடன் வசூலுக்குக் காவல் அதிகாரத்தைப் பயன்படுத்துவது நம் காலத்தில் தோன்றியதல்ல. கம்பெனி ஆட்சியில், இந்தச் சென்னை ராஜதானியில், நிலவரி பாக்கிக்காகக் குடியானவர்களை வதைத்தது பற்றி ஒரு விசாரணைக் குழு அமைந்து 1855-ல் அறிக்கை கொடுத்தது. விரலைக் கிட்டியில் நெரிப்பது, வெயிலில் குனிய வைப்பது எல்லாம் அதில் வருகிறது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்ததுதான் கேட்டுக்குக் காரணம் என்று உணர்ந்து, 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் கொண்டு வந்தார்கள். வசூல் வேறு, காவல் வேறு என்று அன்றே பிரித்ததை, நாம் ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து மறுபடி ஒட்ட வைக்கிறோம்.

பாக்கிக்குச் சிவில் வழக்கு இருக்கிறது. செக் திரும்பினால் 138-ஆவது பிரிவு இருக்கிறது. தாமதமாகும் என்பது மெய்தான், நமக்கே ஒரு வழக்கு ஏழு ஆண்டு நடந்தது. உள்ளபடியே மோசடி என்றால் எழுத்தில் புகார் கொடுக்கலாம். புகாரைப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. வணிகத் தகராறு என்றால் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று அதே தீர்ப்பு இடம் கொடுத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். எல்லா வியாபாரப் பாக்கியும் குற்றமல்ல என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பெஞ்சில் உட்கார வைப்பதற்கு எந்தத் தீர்ப்பிலும் இடமில்லை.

நேர்மையானவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒரு சப் இன்ஸ்பெக்டர் மாதாமாதம் நமது கடைக்கு வருவார். சாமான் வாங்குவார், பில் கேட்டு வாங்குவார், சில்லறை பாக்கியை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு முறை நமது பையன் நல்லெண்ணெய் டின் ஒன்றைச் சேர்த்து வைத்துவிட்டான். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டு வந்து, "தம்பி, நாளைக்கு உன் முதலாளி கடைக்கு முன்னால லாரிய நிறுத்தி வச்சா நான் கேஸ் எழுதணும்ல" என்றார். எழுதவும் செய்தார், இரண்டு முறை. அபராதம் கட்டினோம்.

இப்போது அந்த யோசனைக்கு வருகிறோம். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்ப முடியும். சங்கம் ரசீதுப் புத்தகம் போட்டு மாமூல் வசூலித்தால், பொருளாளர் தமது கைப்பட நம் அத்தனை பேருக்கும் எதிராகச் சாட்சியம் எழுதி வைத்தது போலாகும். அது ஒருபுறம் இருக்கட்டும். மாமூல் வாங்குகிறவர் நாளை நமது கடையில் திருட்டு நடந்தால் திருடனிடமும் வாங்குவார் அல்லவா?

வரும் கூட்டத்தில் அந்த யோசனையை நிராகரித்து ஒரு தீர்மானம் கொண்டு வர இருக்கிறோம். கூடவே இரண்டு காரியங்கள். கைதின்போது கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு கடைக்கும் கொடுப்பது. இரவு எந்நேரம் ஆனாலும் ஸ்டேஷனுக்கு வரக்கூடிய வக்கீல் ஒருவரைச் சங்கச் செலவில் அமர்த்துவது. மாமூலுக்கு என்று தலைக்கு எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தோமோ, அதில் பாதி போதும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறோம். அச்சுக் கூலியை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.